டிராப்பிஸ்ட்-1இ கோள்: அளந்தது எது, கணக்கிட்டது எது, கற்பனை எது?

கேள்வி: வெண்பா_வானம்

வணக்கம். டிராப்பிஸ்ட்-1 என்ற சிறிய, குளிர்ந்த விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்களில் (உள்ளிருந்து வெளியே பி, சி, டி, இ, எஃப், ஜி, எச்) ஒன்றான டிராப்பிஸ்ட்-1இ பற்றிப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு படக்கட்டுரை தயாராகிறது. பாதி தகவல், பாதி கதை. கதையில் ஒரு பெண் அந்தக் கோளின் இரவுப் பக்கத்தில் இறங்கி, பகல் தொடங்கும் எல்லை வரை நடந்து போகிறாள். தகவலைக் கட்டம் கட்டித் தனியாகவும் கதையைத் தனியாகவும் கொடுக்க வேண்டும். படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சிக்கல் எண்களில்தான். தொலைவு ஓரிடத்தில் 39 ஒளியாண்டு, இன்னோரிடத்தில் 41. நிறை (பூமியை 1 என்று வைத்து) 0.62, 0.77, 0.69 என்று மூன்று விதமாக இருக்கிறது. இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது இது:

"பூமியிலிருந்து 39 ஒளியாண்டு தொலைவு. பூமியைவிட அடர்த்தி மிக்கது, பெரிய இரும்புக் கரு கொண்டது. சராசரி வெப்பநிலை மைனஸ் 23 டிகிரி. ரத்தச் சிவப்பான சூரியன் வானில் பாதியை அடைத்து நிற்கும். ஒரு பக்கம் என்றும் பகல், மறுபக்கம் என்றும் இரவு. நிலவைவிடப் பல மடங்கு பெரிதாக மற்ற ஆறு கோள்களும் ஒன்றாகத் தெரியும். காற்றில் நைட்ரஜன் இருப்பதை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்டுபிடித்துவிட்டது. அங்கே செடிகள் கறுப்பு நிறம்."

கதையின் முதல் காட்சியில் அவள் நள்ளிரவு வானத்தில் பக்கத்துக் கோளான 'டி'யை முழு வட்டமாகப் பார்க்கிறாள். இவற்றில் எதை வைக்கலாம், எதை எடுக்க வேண்டும்? முடிந்தால் கணக்கும் சொல்லுங்கள், மற்ற கோள்களுக்கும் உதவும்.

---

பதில் 1: கடப்புக்கணக்கு

முதல் வேலை, எல்லா எண்களையும் ஒரே தொகுப்பிலிருந்து எடுப்பது. உங்களிடம் இருக்கும் மூன்று நிறைகளும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் முடிவுகள். 0.62 என்பது 2017-இல் ஏழு கோள்களும் அறிவிக்கப்பட்டபோது வந்தது. அதன் பிழை எல்லை கூட்டல் கழித்தல் 0.58, அதாவது நிறை கிட்டத்தட்ட தெரியாது என்பதே அன்றைய நிலை. 0.77 என்பது 2018-இல் வந்தது. 0.692 என்பது எரிக் அகோல் குழு 2021-இல் வெளியிட்டது, பிழை எல்லை 0.022. இதையே எடுங்கள். கூடவே ஆரம், சுற்றுக்காலம், விண்மீனின் ஆரம் எல்லாவற்றையும் அதே 2021 பட்டியலிலிருந்து எடுங்கள்:

கோளின் நிறை பூமியைப்போல் 0.692 மடங்கு, ஆரம் 0.920 மடங்கு. ஒரு சுற்று 6.101 நாள். சுற்றுப்பாதையின் ஆரம் 0.02925 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு 1), அதாவது சுமார் 43.8 லட்சம் கி.மீ. விண்மீனின் ஆரம் சூரியனில் 0.119 மடங்கு, நிறை 0.09 மடங்கு, மேற்பரப்பு வெப்பநிலை 2,566 கெல்வின்.

பிற விண்மீன்களின் கோள்களைப் பட்டியலிடும் நாசாவின் எக்ஸோபிளானட் ஆர்க்கைவ் தளத்தில் எண் எடுப்பவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அங்கே 'காம்போசிட்' என்று ஓர் அட்டவணை இருக்கிறது. காலியான கட்டங்களை நிரப்புவதற்காக ஒரே கோளுக்கு வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து எண்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒப்பிட்டு வரைபடம் போட அது நல்லது. ஆனால் ஓர் ஆய்வின் நிறையை இன்னோர் ஆய்வின் ஆரத்தோடு சேர்த்து அடர்த்தி கணக்கிட்டால் எந்த ஆய்வும் சொல்லாத ஒரு எண் வரும். ஒரு கோளைப் பற்றி எழுதும்போது, ஒரு வரிசைக்கு ஓர் ஆய்வு என்றிருக்கும் சாதாரண அட்டவணைதான் வேண்டும். மற்ற கோள்களுக்குப் போகும்போது நிறை என்ற இடத்தில் இருப்பது உண்மையான நிறையா, குறைந்தபட்ச நிறையா என்றும் பாருங்கள். விண்மீனின் ஆட்டத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடித்த கோள்களுக்கு, பிராக்சிமா பி போன்றவற்றுக்கு, கிடைப்பது குறைந்தபட்ச நிறை மட்டுமே.

தகவலை இரண்டாக அல்ல, நான்காகப் பிரியுங்கள்: நேராக அளந்தது, அளந்ததிலிருந்து கணக்கிட்டது, கணினி மாதிரி சொல்வது, கற்பனை. பிள்ளைகளுக்கு இது புரியாது என்று நினைக்க வேண்டாம். இப்படிப் பிரிக்காததால்தான் மாதிரி சொன்னது அளந்ததாக மாறி, பிறகு பாடப்புத்தகம் வரை போய்விடுகிறது.

இந்தக் கோளில் நேராக அளந்தவை மிகக் கொஞ்சம். கோள் விண்மீனின் குறுக்கே கடக்கும்போது ஒளி எவ்வளவு குறைகிறது, அந்தக் கடப்பு எந்த நேரத்தில் நடக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது. அவ்வளவுதான். ஒளி குறையும் அளவு சுமார் 0.5 சதவீதம். நீங்களே சரிபார்க்கலாம்: கோளின் ஆரம் 5,861 கி.மீ., விண்மீனின் ஆரம் 82,900 கி.மீ. வகுத்தால் 0.0707, அதை வர்க்கப்படுத்தினால் 0.005. அதாவது கோளின் ஆரம் என்பது விண்மீனின் ஆரத்தைச் சார்ந்தே கிடைக்கிறது. விண்மீன் ஐந்து சதவீதம் பெரியது என்று நாளை திருத்தினால் ஏழு கோள்களும் சேர்ந்து ஐந்து சதவீதம் பெரிதாகிவிடும்.

நிறை கிடைத்த வழி இதைவிட அழகு. இந்த ஏழு கோள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன. 'டி' மூன்று சுற்றும் நேரத்தில் 'இ' ஏறக்குறைய இரண்டு சுற்றும், 'இ' மூன்று சுற்றும் நேரத்தில் 'எஃப்' இரண்டு சுற்றும். இப்படி ஒத்திசைவாக இருப்பதால் சின்ன இழுப்புகள் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போய், கடப்பு நிமிடக் கணக்கில் முந்தியும் பிந்தியும் வருகிறது. அந்த நேர மாற்றங்களைப் பல ஆண்டுகள் குறித்து வைத்து, எந்த நிறைகள் இருந்தால் இப்படி வரும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். 2017-இன் எண்ணுக்கும் 2021-இன் எண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம் இதுதான்: குறித்து வைத்த கடப்புகள் கூடக்கூட நிறை இறுகிக்கொண்டே வந்தது.

இனி உங்கள் வரிகள்.

39 ஒளியாண்டு என்பது பழைய தொலைவு. கையா விண்கலத்தின் அளவீட்டுக்குப் பின் 40.7 ஆகிவிட்டது. "சுமார் 41" என்று எழுதலாம்.

அடர்த்தி மிக்கது, பெரிய இரும்புக் கரு என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது 2018-இன் நிறையிலிருந்து வந்த முடிவு. 0.692-ஐ 0.920-இன் முப்படியால் வகுத்தால் 0.889. பூமியின் 5.51-ஆல் பெருக்கினால் ஒரு கன செ.மீ.க்கு 4.9 கிராம். பூமியைவிடக் குறைவு. ஏழு கோள்களும் ஒரே வகையான, பூமியைவிடச் சற்று இரும்பு குறைந்த கலவையாக இருக்கலாம் என்பது 2021 ஆய்வின் ஒரு விளக்கம். 'இருக்கலாம்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

ஈர்ப்பு: 0.692-ஐ 0.920-இன் வர்க்கத்தால் வகுத்தால் 0.82. பூமியில் 60 கிலோ காட்டும் எடைப்பொறியில் அங்கே ஏறி நின்றால் 49 காட்டும். இதைக் கட்டத்தில் போடலாம், கதையிலும் அவள் நடையில் காட்டலாம்.

மைனஸ் 23 டிகிரி என்பது சராசரி வெப்பநிலை அல்ல, சமநிலை வெப்பநிலை. பூமிக்கு வருவதில் 0.646 பங்கு ஆற்றல் இந்தக் கோளுக்கு வருகிறது. வந்த ஒளி முழுவதையும் விழுங்கி, கோள் முழுக்கச் சமமாகப் பரப்பி, காற்றே இல்லாமல் இருந்தால் 250 கெல்வின். அதே கணக்கைப் பூமிக்குப் போட்டால் 5 டிகிரி செல்சியஸ் வரும், பூமியின் 30 சதவீத எதிரொளிப்பைச் சேர்த்தால் மைனஸ் 18. உண்மையில் பூமியின் சராசரி 15 டிகிரி. ஆகவே இந்த எண்ணுக்குப் பக்கத்தில் "காற்று இல்லை என்று வைத்துக்கொண்டால்" என்று எழுதாமல் அச்சிடவே கூடாது.

---

பதில் 2: தொடுவானம்

வானத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் முதல் காட்சியே நடக்காது. நல்லவேளை, அதைவிட நல்ல காட்சி ஒன்று அங்கே இருக்கிறது.

'டி' உட்புறக் கோள். 'இ'க்கு மிக அருகில் வரும்போது அது விண்மீனுக்கும் 'இ'க்கும் நடுவில் இருக்கும். ஆக நமக்குத் தெரிவது அதன் இருண்ட முகம், அதுவும் பகல் வானத்தில், விண்மீனை ஒட்டி. விண்மீனிலிருந்து அது 50 பாகைக்கு மேல் விலகவே முடியாது ('டி'யின் பாதை ஆரமான 0.02227-ஐ 'இ'யின் 0.02925-ஆல் வகுத்து, அந்த சைன் மதிப்புக்கு உரிய கோணத்தைப் பாருங்கள், 49.6 வரும்). நமக்கு வெள்ளி நள்ளிரவில் தெரியாததற்கும் இதே காரணம்தான்.

நள்ளிரவுக் கோள் 'எஃப்'. அது வெளிப்புறக் கோள், அருகில் வரும்போது விண்மீனுக்கு நேர் எதிரே, முழு வட்டமாக இருக்கும். பாதை ஆரங்களைக் கழித்தால் 0.00924 வானியல் அலகு, அதாவது சுமார் 13.8 லட்சம் கி.மீ. 'எஃப்'பின் விட்டம் 13,300 கி.மீ. வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் 0.55 பாகை. நமது முழு நிலவு 0.52. 'பல மடங்கு பெரிது' எல்லாம் இல்லை, நிலவளவுதான். மற்றவை இன்னும் சின்னவை: மிக அருகில் வரும்போது 'சி' 0.40, 'ஜி'யும் 'பி'யும் 0.31, 'எச்' 0.11. 'டி'யும் 0.55 வரும், ஆனால் மேலே சொன்னபடி இருளாக.

ஆனால் நிலவு செய்யாத ஒன்றை 'எஃப்' செய்யும். கோள் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டு, இரவுப் பக்கத்தின் நட்டநடுவில் அவளை நிறுத்துங்கள். 'இ'யும் 'எஃப்'பும் 18.1 நாளுக்கு ஒருமுறை நேர்க்கோட்டுக்கு வரும். அதில் ஏறக்குறைய 4 நாள் மட்டும் 'எஃப்' தொடுவானத்துக்கு மேலே இருக்கும். உதிக்கும்போது 0.20 பாகை. அடுத்த இரண்டு நாளில் ஏற ஏறப் பெரிதாகி, உச்சியில் 0.55 ஆகி, பிறகு சுருங்கிக்கொண்டே இறங்கி மறையும். உச்சியைக் கடக்கும்போது மணிக்கு மூன்றரை பாகை நகரும், அதாவது தன் அகலத்தைப் பத்து நிமிடத்துக்குள் தாண்டிவிடும். இதெல்லாம் 'கணக்கிட்டது' கட்டத்தில் தைரியமாகப் போடலாம். நிறம், மேகம், கண்டம் மட்டும் கற்பனை.

அந்த 'எஃப்' எவ்வளவு வெளிச்சம் தரும் என்று ஓவியர் கேட்பார். நிலவொளி அளவு வராது. 'எஃப்'புக்கு வரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே மிகக் குறைவு. முப்பது சதவீதத்தை எதிரொளிக்கிறது என்று எடுத்துக்கொண்டாலும் முழு நிலவில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். அவள் காலடியில் நிழல் போடாமல் வரைவது நல்லது.

இனி 'சூரியன்'. விட்டம் 1.66 லட்சம் கி.மீ., தொலைவு 43.8 லட்சம் கி.மீ. கோணம் 2.17 பாகை. நமது சூரியனைப்போல் நான்கு மடங்கு அகலம், பதினாறு மடங்கு பரப்பு. பெரியதுதான், ஆனால் கையை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்தால் மறைந்துவிடும். வானில் பாதி என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

ரத்தச் சிவப்பும் வேண்டாம். 2,566 கெல்வின் என்பது பழைய இழை பல்பின் வெப்பநிலைக்கு மிக அருகில். பல்பு வெளிச்சத்தில் யாரும் உலகத்தைச் சிவப்பாகப் பார்ப்பதில்லை, கண் பழகிவிடும். வெளிச்சத்தின் அளவுதான் உண்மையில் மாறுகிறது. ஆற்றலின் உச்சம் 1.13 மைக்ரோமீட்டரில், அகச்சிவப்பில் விழுகிறது. கரும்பொருள் (வெப்பநிலைக்கு ஏற்ப மட்டும் ஒளிரும் பொருள்) கணக்குப்படி கண்ணுக்குத் தெரிவது மொத்தத்தில் சுமார் 4 சதவீதம், சூரியனில் அது கிட்டத்தட்ட 37. பகல் பக்கத்தின் நடுவில் நின்றாலும் சில ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு), அடர்த்தியான மேகமூட்டப் பகல் மாதிரி. ஆனால் தோலில் வெப்பம் நன்றாகத் தெரியும். வெளிச்சம் குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருக்கும் அந்த முரணை எழுதினால், எந்தச் சிவப்பு வர்ணத்தையும்விட அந்த உலகம் வாசகர் மனதில் நிற்கும் என்பது என் எண்ணம்.

பகல் பக்கத்துக்கு ஒரு காட்சி தருகிறேன். 12 நாளுக்கு ஒருமுறை 'டி' விண்மீனின் முகத்தைக் கடக்கும். இந்தக் கோள்களின் பாதைகள் ஏறத்தாழ ஒரே தளத்தில் படுத்திருப்பதால் இது வழக்கமான நிகழ்வாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். விண்மீன் வட்டத்தின் கால்வாசி அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம், ஒரு பக்கத்தில் நுழைந்து நாற்பது நிமிடத்தில் மறுபக்கம் வெளியேறும். ஒளி ஆறு சதவீதம் குறையும்.

---

வெண்பா_வானம்

மிக்க நன்றி. முதல் காட்சியை 'எஃப்'புக்கு மாற்றிவிட்டேன், அந்த நான்கு நாள் எழுச்சியே கதைக்கு ஒரு கடிகாரம் போல் ஆகிவிட்டது. இன்னும் மூன்று: (1) அவள் இரவின் நடுவிலிருந்து எல்லை வரை நடக்க முடியுமா? (2) அந்த எல்லையில் விண்மீன் எப்படித் தெரியும்? அசையாமல் பாதி மூழ்கி நிற்குமா? (3) காற்று பற்றி என்ன எழுதலாம்?

---

பதில் 2 தொடர்ச்சி: தொடுவானம்

நடை: கோளின் சுற்றளவு சுமார் 36,800 கி.மீ. இரவின் நடுவிலிருந்து எல்லை வரை அதில் கால் பங்கு, 9,200 கி.மீ. நாளுக்கு 30 கி.மீ. நடந்தால் 307 நாள், அந்தக் கோளின் கணக்கில் 50 ஆண்டு. கதைக்கு இது பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லையிலிருந்து சில நூறு கி.மீ. உள்ளே இறக்குங்கள். அப்போது 'எஃப்' உச்சிக்கு வராமல் எதிர்த் தொடுவானத்தின் பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்பதை ஓவியருக்குச் சொல்ல வேண்டும்.

எல்லை என்பது கோடு அல்ல. விண்மீன் 2.17 பாகை அகலம் என்பதால், அதன் வட்டத்தில் ஒரு பகுதி மட்டும் தெரியும் பட்டை தரையில் சுமார் 220 கி.மீ. அகலம் இருக்கும். அவள் ஒரு வாரம் நடந்தால் விண்மீன் விளிம்பிலிருந்து முழு வட்டமாக மெல்ல மேலே வரும். நடப்பதால் வரும் விடியல் அது, நின்றால் அதுவும் நின்றுவிடும்.

முற்றிலும் அசையாதா என்றால், கொஞ்சம் அசையும். பாதை முழு வட்டமல்ல, மையப்பிறழ்ச்சி சுமார் 0.005. அதன் இரு மடங்கை ரேடியனிலிருந்து பாகைக்கு மாற்றினால் 0.58. ஆகவே 6.1 நாளுக்கு ஒருமுறை விண்மீன் தன் அகலத்தில் கால் பங்கு அளவு இப்புறமும் அப்புறமும் ஊசலாடும். நிலநடுக்கோட்டில் இருக்கும் எல்லைப் பகுதியில் அது மேலும் கீழுமாகத் தெரியும், துருவத்தில் இடமும் வலமுமாக. காற்று இருந்தால் ஒளி வளைவதால் எல்லை இரவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

எல்லையில் அவளுக்கு ஒரு பரிசும் உண்டு: 'எஃப்' அருகில் வரும் நாளில் ஒரு தொடுவானத்தில் விண்மீன், நேர் எதிர்த் தொடுவானத்தில் முழு 'எஃப்'. 'டி'யும் அங்கேதான் நன்றாகத் தெரியும், விண்மீனிலிருந்து மிக விலகியிருக்கும்போது பாதி வட்டமாக, 0.2 பாகை அளவில்.

---

பதில் 3: நிறமாலை_நூல்

காற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் வெளிப்படையாகத் தவறான வரி அதுதான். நைட்ரஜன் கண்டுபிடிக்கப்படவில்லை. இந்தக் கோளில் காற்று இருக்கிறதா என்பதே இன்னும் உறுதியாகவில்லை.

ஜேம்ஸ் வெப் 2023-இல் இந்தக் கோளின் நான்கு கடப்புகளைப் பார்த்தது. முடிவுகள் 2025 செப்டம்பரில் வெளிவந்தன. அவற்றிலிருந்து திடமாகச் சொல்ல முடிந்தது ஒன்று: பிறந்தபோது இருந்திருக்கக்கூடிய ஹைட்ரஜன் போர்வை இப்போது இல்லை. அதற்கு மேல், நைட்ரஜன் மிகுந்த காற்றோடும் அந்த நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) பொருந்துகிறது, காற்றே இல்லாத வெறும் பாறையோடும் பொருந்துகிறது. 'பொருந்துகிறது' என்ற சொல் செய்தித் தலைப்புக்குப் போகும்போது 'கண்டுபிடிப்பு' ஆகிவிட்டது.

இது ஏன் இவ்வளவு சிரமம்? கோளின் காற்று வழியாக வரும் ஒளியில் தேடும் மாற்றம் மிக மிகச் சிறியது. விண்மீனின் மேல் குளிர்ந்த புள்ளிகளும் சூடான திட்டுகளும் இருக்கின்றன, 3.3 நாளுக்கு ஒருமுறை அது தன்னைத்தானே சுற்றுகிறது, அடிக்கடி வெடித்துச் சுடர்கிறது. கோள் கடக்கும் பாதையில் இருக்கும் மேற்பரப்பும் மற்ற மேற்பரப்பும் வேறுவேறாக இருந்தால், அந்த வித்தியாசமே கோளின் காற்றைப் போல நிறமாலையில் வேடமிடும். இவ்வளவு குளிர்ந்த விண்மீனின் மேற்பரப்பில் நீராவிகூட உண்டு, ஆகவே 'நீர் தெரிகிறது' என்றால் அது யாருடைய நீர் என்பது முதல் கேள்வி. நான்கு கடப்புகளிலும் இந்த மாசு நான்கு விதமாக இருந்தது.

இதற்கு ஒரு நல்ல உத்தி வைத்திருக்கிறார்கள். 'பி'யும் 'இ'யும் சில மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்துக் கடக்கும் நாள்களைத் தேர்ந்தெடுத்து இரண்டையும் பார்ப்பது. 'பி' ஏறக்குறைய வெறும் பாறை என்று எடுத்துக்கொண்டால், அதன் நிறமாலையில் தெரியும் மேடு பள்ளம் எல்லாம் விண்மீனுடையவை. 'இ'யின் நிறமாலையிலிருந்து அவற்றை நீக்கினால் எஞ்சுவது கோளுடையது. இந்த முறையில் மேலும் 15 கடப்புகளைப் பார்க்கும் திட்டம் வகுக்கப்பட்டது. இடையில் விண்மீன் சுடர்ந்துவிட்டால் அந்த நாளின் கணக்கு கெடும், அதனால்தான் இத்தனை தேவைப்படுகின்றன.

அண்டைக் கோள்களில் தெளிவு அதிகம். 'பி'யின் பகல் பக்கம் சுமார் 500 கெல்வின் என்று 2023-இல் அளந்தார்கள். வெப்பத்தை இரவுப் பக்கத்துக்குக் கடத்தும் காற்று இருந்தால் இவ்வளவு சூடு பகல் பக்கத்தில் தங்காது. 'சி' சுமார் 380 கெல்வின், வெள்ளியைப் போன்ற தடித்த கரியமில வாயுக் காற்று அங்கே இல்லை. 'டி'யில் பூமியைப் போன்ற காற்றின் தடயம் இல்லை என்று 2025-இல் வந்தது. இவற்றைக் கட்டத்தில் கண்டிப்பாகப் போடுங்கள். 'இ'யைப் பற்றிய நம்பிக்கையைச் சரியான அளவில் வைக்க இவை தேவை.

என்றும் பகல், என்றும் இரவு என்பது 'கணக்கிட்டது' வகையும் அல்ல, 'மாதிரி' வகை. யாரும் இந்தக் கோளின் சுழற்சியை அளக்கவில்லை. இவ்வளவு அருகில் இருக்கும் கோள் விண்மீனின் ஓத இழுப்பால் பூட்டப்பட்டிருக்கும் என்பது வலுவான எதிர்பார்ப்பு. அண்டைக் கோள்களின் இழுப்பால் அந்தப் பூட்டு சற்றே தளர்ந்து, நெடுங்காலத்தில் பகலும் இரவும் இடம் மாறலாம் என்று காட்டும் மாதிரிகளும் உண்டு. "பெரும்பாலும்" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

கதையில் அவள் முகமூடி கழற்றி மூச்சு விட வேண்டுமென்றால் காற்றைக் கற்பனை செய்யத்தான் வேண்டும். செய்யுங்கள், ஆனால் கட்டுப்பாட்டோடு. காற்று மிக மெல்லியதாக இருந்தால் இரவுப் பக்கம் அவ்வளவு குளிர்ந்துவிடும், கரியமில வாயு உறைந்து தரையில் படிந்துவிடும், காற்று இன்னும் மெலியும், குளிர் இன்னும் கூடும். ஆகவே ஒரு பார் அளவு (ஏறக்குறைய பூமியின் காற்றழுத்தம்) நைட்ரஜனும் கொஞ்சம் கரியமில வாயுவும் என்று வையுங்கள். இப்படிப்பட்ட காற்றை இந்தக் கோளுக்குக் கொடுத்து நான்கு தனித்தனிக் காலநிலை மாதிரிகளை ஓட்டி ஒப்பிட்டிருக்கிறார்கள். அவை முரண்பட்டதில் பெரும்பங்கு மேகங்களால். பொதுவாக வரும் படம் இது: தரையோடு காற்று இரவிலிருந்து பகலை நோக்கி வீசும், பகல் நடுவில் ஏறும், மேலே இரவுக்குத் திரும்பும். தடித்த மேகம் பகல் நடுவின் மேல் குவியும். ஆகவே உங்கள் ஓவியர் எல்லையில் நிரந்தரப் புயல் வரையத் தேவையில்லை. அவள் எல்லையை நோக்கி நடக்கும்போது காற்று முதுகில் படட்டும்.

பனியும் வேறு மாதிரி. நம் பனி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியே குளிரைக் கூட்டும். ஆனால் பனி அகச்சிவப்பை நன்றாக விழுங்கும், இந்த விண்மீன் தருவதில் பெரும்பகுதி அதுவே. அதனால் அங்கே பனி அவ்வளவு எளிதாகப் பரவாது, எளிதாக உருகும்.

கடல் வைத்தால் அது எப்படித் தப்பியது என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். இத்தகைய விண்மீன் இளமையில், கோடிக்கணக்கான ஆண்டுகள், இன்றைக்கு இருப்பதைவிட மிகப் பிரகாசமாக இருக்கும். அப்போதே நீர் ஆவியாகிப் போயிருக்கலாம். ஆழத்தில் பாறையில் தங்கியிருந்த நீர் பிறகு எரிமலைகள் வழியாக வெளிவந்தது என்பது ஏற்கத்தக்க கற்பனை.

கறுப்புச் செடி: முழுக்கக் கற்பனை. அதற்குப் பின்னால் ஓர் ஊகம் இருக்கிறது, கிடைக்கும் சொற்ப ஒளியை எல்லா நிறத்திலும் விழுங்க வேண்டும் என்று. பூமியில் குளோரோஃபில் எஃப் என்ற நிறமி 700 நானோமீட்டருக்கு அப்பாலும் ஒளியை விழுங்குகிறது என்பதை 2010-இல் கண்டார்கள். அதை மட்டும் தகவலாகப் போடலாம்.

---

பதில் 4: சிம்மத்தின்_பின்னங்கால்

தொடுவானம் சொன்னவற்றில் ஒரு திருத்தம். இழை பல்பு ஒப்பீடு வெப்பநிலைக்குச் சரி, நிறத்துக்கு முழுச் சரியல்ல. பல்பின் இழை ஏறக்குறைய கரும்பொருள். இந்த விண்மீன் அப்படியல்ல. அதன் வளிமண்டலத்தில் டைட்டானியம் ஆக்சைடு, வனடியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரிய பெரிய பட்டைகளாக விழுங்குகின்றன. ஆகவே உண்மை நிறம் பல்பைவிட ஆழ்ந்த ஆரஞ்சு, சில ஆயிரம் லக்ஸ் என்பதும் மேல் எல்லை. 'ரத்தச் சிவப்பு இல்லை' என்பதில் எனக்கும் உடன்பாடே. எல்லையில், தொடுவானத்தை ஒட்டி, காற்றின் வழியே பார்க்கும்போது மட்டும் சிவப்பை ஏற்றிக்கொள்ளலாம். வானத்தை நீலமாக வரையாதீர்கள், சிதறுவதற்கு நீல ஒளியே மிகக் குறைவு.

ஆறு கோள்களும் ஒன்றாக, என்ற வரிக்கு: பகல் பக்கத்திலோ எல்லையிலோ நின்றால் சாத்தியம், ஆனால் பகல் நடுவில் நின்றால் வெளிக்கோள்கள் மூன்றும் விண்மீன் இருக்கும் பாதி வானத்தில், அதாவது தொலைவில் இருக்க வேண்டும். மிகத் தொலைவில் 'எஃப்' 0.08 பாகைக்குச் சுருங்கிவிடும். ஆறையும் பெரிதாக ஒரே படத்தில் அடுக்குவது எந்த நாளிலும் நடக்காது. ஓவியரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வரைந்த பிறகு மாற்றச் சொல்வது பாவம்.

அவள் நம் சூரியனைத் தேடினால்? அங்கிருந்து சூரியனின் பிரகாசம் 5.3 பருமன் (எண் கூடக்கூட மங்கல்). இருண்ட வானில் வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். நமக்கு டிராப்பிஸ்ட்-1 கும்பத்தில் இருக்கிறது, ஆகவே அவளுக்குச் சூரியன் நேர் எதிரே, சிம்மத்தின் பின்னங்கால் பகுதியில் இருக்கும். தூரத்து விண்மீன்கள் இடம் மாறா, கிட்டத்து விண்மீன்கள் மாறும், அதனால் சிம்மம் சற்றுக் கலைந்திருக்கும். வானம் 6.1 நாளுக்கு ஒருமுறை சுழல்வதால் இரவுப் பக்கத்தின் நடுவில் மூன்று நாள் சிம்மம் மேலே, மூன்று நாள் கீழே. ஒரு குறிப்பு: பூமி சூரியனின் குறுக்கே கடப்பதை அவளால் இப்போது பார்க்க முடியாது, அந்தக் கோட்டுக்குச் சற்று வெளியே அவள் இருக்கிறாள். விண்மீன்களின் நகர்வைக் கணக்கிட்ட 2021-இன் ஓர் ஆய்வுப்படி, சுமார் 1,600 ஆண்டுகளுக்குப் பின் டிராப்பிஸ்ட்-1 அந்தக் கோட்டுக்குள் வரும். பிற்காலக் கதை என்றால் இது உங்களுக்குப் பொன்னான தகவல்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கோளை யாரும் படம் எடுத்ததில்லை. ஜேம்ஸ் வெப்புக்கும் அது தனிப் புள்ளியாகக்கூடத் தெரியாது, விண்மீனின் ஒளி ஏறி இறங்குவதை மட்டுமே பார்க்கிறது. விண்வெளி நிறுவனங்கள் வெளியிடும் கடலும் மேகமும் கொண்ட படங்கள் அனைத்தும் ஓவியங்கள். ஒவ்வொரு படத்தின் அடியிலும் 'ஓவியரின் கற்பனை' என்று, படத்தோடு ஒட்டி, வெட்டி எடுத்தாலும் போகாத இடத்தில் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் சிறு எழுத்தில் போட்டால் பயனில்லை, படம் மட்டும் தனியாகப் பரவிவிடும். காற்றைப் பற்றிய கட்டத்தில் "2025 செப்டம்பர் முடிவுகள் வரை" என்று மாதத்தோடு குறியுங்கள். மற்ற எண்கள் மெல்லத்தான் மாறும், அந்தக் கட்டம் மட்டும் அடுத்த பதிப்புக்குள்ளேயே மாறிவிடக்கூடும்.